உன் கைக்குப் பதிலாக ஒரு மிக்ஸர்

அன்புக்கும் சண்டைக்கும் பாத்தியப்பட்ட என் சம்பந்தி லூர்துவுக்கு,

போய்ச் சேர்ந்தவர்கள்மேல் கோபப்படக் கூடாது என்கிறாள் உன் மகள் ஸ்டெல்லா. அவளுக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவாள். எட்டு மாதமாகத் தோள்பட்டையில் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் நான். உன்மேல் கோபப்படாமல் வேறு யார்மேல் கோபப்படுவேன்?

அங்கே எப்படி இருக்கிறாய்? குளிர் இல்லாத இடம் என்று உங்கள் சாமியார் சொன்னார். இங்கே பெருமாள்மலையில் மார்கழிக்கு முன்னாலேயே எலும்புக்குள் இறங்கிவிட்டது. என் வலது கை காதுக்கு மேல் போகவில்லை. நீ போனதும் நம் கேக்குக்கு மாவும் வெண்ணெயும் அடிக்கிற வேலை என் தலையில் விழுந்ததே, அதனால் வந்தது. "இனிமே கரண்டி பிடிக்கக் கூடாதும்மா, மெசின் வாங்கிக்கங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருக்கு வாங்குவது ஒரு வார்த்தை. எனக்கு அது ஒன்றரை மாதச் சித்திரவதை.

ஸ்டாண்ட் மிக்ஸர் என்று பெயர். உனக்குத் தெரியும். அலமாரிக் கதவின் உள்பக்கம் பேப்பரில் வந்த படத்தை வெட்டி ஒட்டி வைத்திருந்தாயே, சிவப்பு மிக்ஸர், அதே சாதி. எதற்கு அந்த மிக்ஸர் என்று கேட்டால், "செவப்பா இருக்குல்ல" என்பாய். எத்தனை லிட்டர், எத்தனை வாட்ஸ், ஒன்றும் தெரியாது. சிவப்பாக இருக்கிறதாம். நல்ல காரணம்.

உன் மருமகன் சரவணன் போனில் ஒரு நாளைக்குப் பத்து வீடியோ காட்டினான். டாக்ஸி ஓட்டுகிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அவனுக்கு மிக்ஸர்தான். ஒரு வீடியோவில் ஆயிரம் வாட்ஸ் இருந்தால்தான் மாவு பிசையும் என்றார்கள். அடுத்ததில், வாட்ஸைப் பார்த்து ஏமாறாதீர்கள், உள்ளே பல்சக்கரம் இரும்பா பிளாஸ்டிக்கா என்று பாருங்கள் என்றார்கள். வெளியே விற்கிற சாமானின் வயிற்றுக்குள் இருப்பதை நான் எப்படிப் பார்ப்பேன்? ஐந்து லிட்டர் பவுல் என்றால் விளிம்பு வரைக்கும் ஐந்து லிட்டராம், மாவு பாதிதான் போட முடியுமாம். அப்படியானால் ஏழு லிட்டர் வாங்கலாம் என்றால், ரெண்டு முட்டை மட்டும் அடிக்க வேண்டிய நாளில் அடிக்கிற கம்பி முட்டையைத் தொடாதாம். யார் கண்டுபிடித்தார்கள் இதையெல்லாம்?

இதில் கரண்டு வேறு. சனிக்கிழமையானால் மேலே கொடைக்கானல் ஓட்டல்களில் எல்லோரும் ஒரே நேரத்தில் வெந்நீர் போடுவார்கள் போலிருக்கிறது, நம் வீட்டு பல்பு சோர்ந்துபோய்விடும். மிக்ஸர் ஓடுமா, மோட்டார் புகையுமா? ரிப்பேர் என்றால் மதுரைக்கு மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போக வேண்டும். நீ இருந்திருந்தால் ஒரே வார்த்தையில், "சிவப்பு வாங்கு" என்று முடித்திருப்பாய். நான் உன்னோடு ரெண்டு நாள் சண்டை போட்டு, வேறொன்றை வாங்கியிருப்பேன். முடிவெடுக்க எனக்கு அப்படித்தான் பழக்கம். சண்டைக்கு ஆளில்லாமல் எதையும் தேர்ந்தெடுக்க முடியவில்லை.

ஆனால் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்று வந்துவிட்டது. கிரேஸ் மேடம் வந்தார்கள், நம்மிடம் பாதிக்குப் பாதி கேக் எடுக்கிற ஹோம்ஸ்டே மேடம். வாசலில் நின்றபடியே, "பாக்கியம், தப்பா எடுத்துக்காதீங்க. லூர்து போனதுக்கப்புறம் பட்டர் கேக் கனமா இருக்கு. கெஸ்ட் பாதிய வச்சுட்டுப் போயிர்றாங்க. ஞாயித்துக்கிழமை ஒரு சாம்பிள் குடுங்க. பழையபடி இருந்தா கிறிஸ்துமஸ் ஆர்டர் உங்களுக்குத்தான். இல்லைன்னா டவுன்ல சொல்லிருவேன்" என்றார்கள். நல்ல மனுஷி, மனசே இல்லாமல்தான் சொன்னார்கள். அவர்கள் போனால் மிச்சம் இருக்கிற டீக்கடை மஃபினுக்கு ஓவனைப் பற்றவைப்பதே தண்டம். 'லூர்து பாக்கியம் கேக்' என்று அச்சடித்த லேபிள் இன்னும் ரெண்டு கட்டு பீரோமேல் இருக்கிறது, லூர்து. அதை என்ன செய்வேன், அடுப்புக்குப் போடவா?

இத்தனைக்கும் உன் சூட்சுமம் எனக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் அந்தக் கோடு. ஞாபகம் இருக்கிறதா? தொழில் தொடங்கின முதல் மாதம், கேக் வேகும்போது நடுவில் ஓவனைத் திறந்து பார்த்தாய். கேக் அமுங்கிப் போனது. நான் கத்தினேன். நீ கரித்துண்டை எடுத்து என் மேஜைக்குக் குறுக்கே ஒரு கோடு கிழித்து, "இந்தப் பக்கம் என் சோலி, அந்தப் பக்கம் உங்க சோலிங்க சம்பந்தி" என்றாய். உனக்குக் கோபம் வந்தால்தான் என்னை 'ங்க' போட்டுப் பேசுவாய். அன்றிலிருந்து அடிப்பது உன் பக்கம், வேகவைப்பது என் பக்கம். காலையில் சர்ச்சில் பூசை முடிந்து வருவாய், வெண்ணெய்ப் பொட்டலத்தைப் பிரிப்பாய், நான் முதுகைக் காட்டிக்கொண்டு ட்ரேக்குப் பேப்பர் வெட்டுவேன். திரும்பிப் பார்க்கும்போது பவுலில் வெண்ணெயும் சீனியும் வெள்ளை வெளேரென்று பொங்கி இருக்கும். எல்லாம் உன் கைப் பலம் என்று நினைத்தேன். சின்ன வயதில் தேயிலை பறித்த கை அல்லவா என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் கடைசியில் உன் கையளவுக்குப் பலமான மிக்ஸராக வாங்குவது என்று முடிவு செய்தேன். இடம் அளந்தேன். அடுப்படி மேடைக்கும் மேலே இருக்கிற சிமெண்டுப் பலகைக்கும் நடுவில் குக்கரை வைத்து அதன்மேல் சொம்பை வைத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. பிறகு வெள்ளிக்கிழமை வெள்ளனே சரவணன் வண்டியில் நானும் ஸ்டெல்லாவும் திண்டுக்கல் கிளம்பினோம்.

நான் ஏமாறுகிறவளா? கடையில் க்ரீம் அடித்துக் காட்டுவார்கள், க்ரீமை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். நான் நம் வீட்டு வெண்ணெய் அரைக்கிலோவைப் பேப்பரில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். கல் மாதிரி இருக்கிற நம் வெண்ணெயை அடித்துக் காட்டட்டும், அப்புறம் பார்ப்போம் என்று ஒரு வீறாப்பு. வத்தலக்குண்டு வரும்போதே ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டோம். நான் வெண்ணெயைப் பற்றி நினைக்கவே இல்லை.

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வெண்ணெய வீட்ல இருந்தே கொண்டாந்தீங்களாம்மா?" என்றார். பெரிய மிக்ஸரில் போட்டு ஓட்டினார். அடியம்மா! ஐந்து நிமிடம் ஆகவில்லை. வெள்ளை வெளேரென்று பொங்கி வந்தது, நீ அடித்த மாதிரியே. ஸ்டெல்லா விரலால் தொட்டு வாயில் வைத்தாள், அப்படியே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த இடத்திலேயே வாங்கிவிட்டேன். சிவப்பு இல்லை, சாம்பல் நிறம். கோபித்துக்கொள்.

சனிக்கிழமை காலை வீட்டில் வைத்து ஓட்டினோம். உள்ளே வெண்ணெய் ஒரே கட்டியாகச் சேர்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டது. பவுல் டங்கு டங்கென்று அடித்துக்கொள்ள, மிக்ஸர் மேடைமேல் நடக்க ஆரம்பித்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நடந்தது. ஸ்டெல்லா கட்டிப் பிடித்துக்கொண்டாள். நிறுத்திவிட்டு பவுலை எடுக்கலாம் என்றால் மிக்ஸரின் தலையைப் பின்னால் சாய்க்க வேண்டும். சாய்த்தால் சிமெண்டுப் பலகையில் இடிக்கிறது. தலை மடக்கி இருக்கும்போது உள்ள உயரத்தை அளந்தேனே தவிர, தலை தூக்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை. குக்கரும் சொம்பும் தலை தூக்காது அல்லவா?

கடைக்காரருக்குப் போன் போட்டேன். என்ன பேசினேன் என்று உன்னிடம் சொல்ல மாட்டேன். எல்லாம் கேட்டுவிட்டு அவர், "வெண்ணெய் ரூம் டெம்பரேச்சர்ல இருக்கணும்மா" என்றார்.

"ரூம்லதான்யா கெடக்கு நேத்துல இருந்து!"

"ரூம்ல எப்படி இருக்கும்மா?"

"கல்லு மாதிரி இருக்கு."

அப்புறம், "நீங்க எந்த ஊரும்மா?" என்றார். பெருமாள்மலை என்றேன். "அதான பாத்தேன். அங்க ரூமே ஃப்ரிட்ஜுதானம்மா. நேத்து வண்டியில வரும்போதே உங்க வெண்ணெய் எளகிப் போச்சு. அதான் சரியா வந்துச்சு" என்றார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. மிக்ஸர்மேல் இல்லை, அவர்மேலும் இல்லை. எட்டு மாதமாகப் பலம் போதவில்லை, பலம் போதவில்லை என்று தோளை முறித்துக்கொண்டேனே, வெண்ணெய் இளக வேண்டும் என்று ஒரு வார்த்தை நீ சொன்னாயா? சரி, இளக்கலாம் என்று ஓவன் பக்கத்தில் வைத்தேன். ஒரு பக்கம் எண்ணெய், மறுபக்கம் கல். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்தேன், உருகியே போனது. அதை அடித்துச் சுட்டதில் கேக் தொட்டால் கையில் எண்ணெய் ஒட்டுகிறது. சாயந்திரம் நாலு மணிக்கு மேகம் ஜன்னல் வரைக்கும் வந்துவிட்டது. விடிந்தால் சாம்பிள். நான் அடுப்படியிலேயே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

நான் நடுங்குவதைப் பார்த்து ஸ்டெல்லா ஒரு ஸ்வெட்டரைக் கொண்டுவந்து போர்த்தினாள். உன்னுடைய அரக்கு ஸ்வெட்டர். போட்டுக்கொண்டபோது வயிற்றுப் பக்கம் உள்ளே ஏதோ விறைப்பாக உரசியது. திருப்பிப் பார்த்தால், உள்பக்கத்தில் கையால் தைத்த ஒரு பை. பழைய பாவாடைத் துணி. அரைக்கிலோ வெண்ணெய்ப் பொட்டலம் அளவுக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. துணியெல்லாம் பிசுக்கு ஏறி அட்டையாகிக் கிடந்தது. மூக்கில் வைத்தேன், வெண்ணெய் வாசம்.

"இது என்னது புள்ள?" என்றேன்.

ஸ்டெல்லா தரையைப் பார்த்தாள். "அம்மா அதுலதான் வெண்ணெய வச்சுக்கிட்டு பூசைக்குப் போவாங்க அத்தை. கோயிலுக்கு ஏறி எறங்கி, அங்க உக்காந்து, இங்க வரதுக்குள்ள எளகிரும்."

"பூசைக்கு? வெண்ணெயோடவா?"

"ஆமா. அஞ்சு வருசமா."

"எம்புட்டுத் தடவை ஒங்கண்ணு முன்னால இந்த வெண்ணெயோட மல்லுக் கட்டுனேன். நீயாவது சொல்லக் கூடாதா? வாயில என்ன கொழுக்கட்டையா?"

அவள் அந்தப் பையைத் தடவிப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்: "சொல்லக் கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கிட்டாங்க அத்தை. எம்மேல பட்ட வெண்ணெய்னு தெரிஞ்சா உங்க அத்தை அந்த கேக்கத் தொடக்கூட மாட்டாங்கன்னாங்க."

லூர்து, அவள் எதைச் சொல்கிறாள் என்று கேட்கத் தேவையே இல்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் நம் பிள்ளைகள் காதல் வெளியே தெரிந்தபோது, ரோட்டு முக்குக் காய்கறிக் கடையில் பத்துப் பேர் நடுவில் நான் சொன்னேன். "தோட்டக்காட்டுக்காரங்க வீட்டுல பச்சத் தண்ணிகூட என் பல்லுல படாது" என்று சொன்னேன். நாங்கள் மேல்மலைக்காரர்கள், பூண்டுக் காடு வைத்திருந்தவர்கள், நீங்கள் சிலோன் தோட்டத்திலிருந்து வந்து இறங்கியவர்கள், அந்தக் கொழுப்பு. நீ அந்தக் கடைக்குப் பின்னால் நின்றிருந்தாய் என்று கல்யாணத்துக்கு அப்புறம்தான் எனக்குத் தெரியும். அதன்பிறகு நீ அதைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. மறந்துவிட்டாய் என்று நினைத்தேன். என் வசதிக்கு நினைத்துக்கொண்டேன்.

ஏன்டி, என்மேல் எதற்கெல்லாம் சண்டை போட்டாய்! ஏலக்காய் கூடிவிட்டது என்று போட்டாய், பேரனுக்குக் குல்லா போடவில்லை என்று போட்டாய். இதற்கு ஒரு சண்டை போட்டிருக்கக் கூடாதா? "நீ அப்படிச் சொன்னாயே" என்று கரண்டியால் என் மண்டையில் ஒன்று போட்டிருந்தால் நான் வாங்கிக்கொண்டிருப்பேனே. ஐந்து வருஷமாகப் பாவாடைத் துணியில் பை தைத்து, சாமி முன்னால் குற்றவாளி மாதிரி மறைத்து உட்கார்ந்திருந்தாயா?

சனிக்கிழமை ராத்திரி நான் வேறொன்றையும் எண்ணிப் பார்த்தேன். தினமும் நீதான் என் வீட்டுக்கு வந்தாய். உன் வீடு எனக்கு அஞ்சு நிமிட மேடு. வாசல் வரைக்கும் எத்தனையோ தடவை வந்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும், "ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சுட்டுப் போங்க சம்பந்தி" என்பாய். ஒவ்வொரு தடவையும் நான், "இப்பத்தான் குடிச்சேன்" என்பேன். நான் வேண்டுமென்று சொல்லவில்லை, சத்தியமாக அவசரத்தில் சொன்னதுதான். ஆனால் ஒரு தடவைகூடக் குடித்ததில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. உனக்கு ஒவ்வொரு தடவையும் உறைத்திருக்கும். 'ங்க' போட்டுத்தானே கேட்டாய்.

ஞாயிறு காலை உன் ஸ்வெட்டரைப் போட்டு, உன் பையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு, ஸ்டெல்லாவோடு உங்கள் கோயிலுக்கு ஏறினேன். முதலில் வயிற்றில் ஐஸ் வைத்த மாதிரி இருந்தது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். எல்லோரும் எழுந்தபோது எழுந்து, முழங்கால் போட்டபோது போட்டு, பொட்டலம் நழுவாமல் கையால் பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்திலிருந்த அம்மா எனக்கு வயிற்று வலி என்று நினைத்து, "சுகமாயிரும், வேண்டிக்கங்க" என்றார்கள். உன் சாமியிடம் என்ன வேண்டிக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. இவள் எத்தனை நாள் இப்படி உட்கார்ந்திருந்தாள் என்று மட்டும் கேட்டேன்.

இறங்கி வந்து பிரித்தால் விரல் பட்ட இடம் பதிந்தது, ஆனால் உருகவில்லை. மிக்ஸரைத் தரையில் இறக்கி வைத்து ஓட்டினோம், அங்கேதானே தலை இடிக்காது. நாலு நிமிடத்தில் பொங்கிவிட்டது. இடத்தைவிட்டு நகரவும் இல்லை. அத்தனை வாட்ஸும் வேண்டியதே இல்லை, லூர்து. உன் சின்னச் சிவப்பு மிக்ஸரே போதுமாயிருந்திருக்கும். அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

கிரேஸ் மேடம் ஒரு துண்டைத் தின்றார்கள். இன்னொரு துண்டை எடுத்தார்கள். அப்புறம் சுவரில் மாட்டியிருக்கிற உன் படத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, ஆர்டர் எழுதின தாளை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்கள். நானும் ஒரு துண்டு தின்றேன். உன்மேல் பட்ட வெண்ணெயில் செய்ததை அஞ்சு வருஷமாகத் தின்றுதான் நான் இப்படிப் பெருத்துக் கிடக்கிறேன், உனக்குத் தெரியாதா?

இனிச் செய்தி. நீ போனதிலிருந்து பூட்டிக் கிடந்த உன் வீட்டை மத்தியானம் திறந்தோம். உன் அடுப்படியில் மேடைக்கு மேலே ஒன்றுமே இல்லை, வெறும் சுவர். சரவணன் மிக்ஸரைத் தூக்கிவந்து அங்கே வைத்தான். தலையைச் சாய்த்துப் பார்த்தேன், எங்கேயும் இடிக்கவில்லை. ஸ்டெல்லா அடுப்பைப் பற்றவைத்து, உன் கரிச்சட்டியில் தேத்தண்ணி போட்டு, உன் டம்ளரில் ஊற்றி நீட்டினாள். சீனி கூடுதல். உன் மகள் அல்லவா? முழுவதையும் குடித்தேன்.

இனி வெண்ணெய் அடிக்கிறது உன் வீட்டில்தான். காலையில் உன் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நான் மேடேறி வருவேன். மேஜையில் நீ கிழித்த கோட்டை அழிக்கச் சொன்னாள் ஸ்டெல்லா, நான் விடவில்லை. உன் பக்கத்தில் நின்றும் வேலை செய்ய இப்போது எனக்குத் தெரியும். ஒன்று மட்டும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். யார் வீட்டு வாசலில் யார் என்ன நீட்டினாலும், "இப்பத்தான் குடிச்சேன்" என்று இந்த வாய் இனிமேல் சொல்லாது.

உன் வீட்டுத் தேத்தண்ணியை எட்டு வருஷம் ஆறப் போட்ட
உன் சம்பந்தி,
பாக்கியம்